மெஷின் ஓட, மனுஷன் தூங்கிய காலம்

உங்க வீட்டிலோ தெருவிலோ டயாலிசிஸ் போய்க்கிட்டு இருக்கறவங்க யாராவது இருக்காங்களா? அவங்ககிட்ட "நல்லா சாப்பிடுறீங்களா, தண்ணி அளவா குடிக்கிறீங்களா"ன்னு எல்லாரும் கேட்டிருப்போம். "ராத்திரி தூங்குறீங்களா"ன்னு கேட்டிருக்கீங்களா?

நானும் ரொம்ப வருஷம் கேட்டதில்லை. அதனாலதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். ஆனா இதுல ஒரு நல்ல கதை இருக்கு, ஒரு டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல அந்த அண்ணன் கதை. வயசு 58. லாரி பட்டறை வச்சிருந்தவர். வாரம் மூணு நாள், காலை 6 மணி ஷிஃப்ட். நாலு மணி நேர டயாலிசிஸ்ல மூணு மணி நேரம் ஆனதும், "போதும் சார், அவுத்து விட்டுருங்க"ன்னு ஆரம்பிச்சிடுவார். நர்ஸ் சொன்னாலும் கேக்க மாட்டார், நான் சொன்னாலும் கேக்க மாட்டார். ஒருநாள் கோபத்துல அவர் ஃபைல்ல "நோயாளி ஒத்துழைக்கவில்லை"ன்னு என் கையாலயே எழுதினேன்.

அன்னைக்கு அவரோட மனைவி வெளியில நின்னு சொன்னாங்க: "சார், ராத்திரி பூரா வீட்டுக்குள்ளயே நடக்குறாரு. உக்காந்தா கால் குடையுதுங்குறாரு. படுத்தா எறும்பு ஊருதுங்குறாரு. நானும் தூங்கி மாசக்கணக்காச்சு. ஒரு தூக்க மாத்திரையாவது எழுதிக் குடுங்க."

நான் சொன்ன பதில்: "டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு இது சகஜம்மா." சொல்லிட்டு பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்க்கப் போயிட்டேன்.

அந்த "சகஜம்" எங்கிருந்து வந்துச்சுன்னு பின்னாடி தேடினப்போ கிடைச்சதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

முதல்ல 200 வருஷம் பின்னாடி போகணும். லண்டன், கைஸ் மருத்துவமனை. 1827-ல் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் உடம்பு வீங்கிப்போன நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சூட்டில் காட்டினார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிந்தது. இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது கிட்னி கெட்டுப்போயிருந்தது. வீக்கம், புரதம் கலந்த சிறுநீர், கெட்டுப்போன கிட்னி, மூணும் ஒரே நோய்தான்னு முடிச்சுப் போட்டவர் அவர்.

அதே மருத்துவமனையில் அவரோட சகா தாமஸ் அடிசன், 1839-ல் கிட்னி நோயால் மூளைக்கு என்ன ஆகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். மந்தம், பிதற்றல், வலிப்பு, கடைசியில் யார் எழுப்பினாலும் எழாத மயக்கம். அந்தக் காலத்துல கிட்னி செயலிழந்தவரோட முடிவு பெரும்பாலும் இப்படித்தான். தூங்கிக்கிட்டே போயிட்டாருன்னு ஊர்ல சொல்வாங்களே, அது.

அதாவது டயாலிசிஸ் வருவதற்கு முன்னால் இந்த நோயில் தூக்கம்தான் எமன். இன்னைக்கு நம்ம வார்டுல இருக்கற பிரச்சனைக்கு நேர் எதிர்.

அந்தத் தூக்கத்துல இருந்து முதல்ல ஒருத்தரை எழுப்பினது நெதர்லாந்துல, காம்பன் என்ற சின்ன ஊர்ல. காலம் இரண்டாம் உலகப்போர், நாடு ஹிட்லர் படையின் பிடியில். வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் சில வருஷம் முன்னாடி ஒரு 22 வயசுப் பையன் கிட்னி செயலிழந்து கண்ணெதிரே சாவதைப் பார்த்தவர். ரத்தத்துல சேர்ற யூரியாவை தினம் கொஞ்சம் வெளியே எடுத்துட்டா போதுமே என்ற எண்ணம் அவரை விடவே இல்லை.

போர்க்காலம், எதுவும் கிடைக்காது. கொத்துக்கறியை அடைத்து சாசேஜ் செய்யப் பயன்படும் செலோஃபேன் குழாய் கிடைத்தது. அதை ஒரு உருளையில் சுற்றி, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் பாதி முங்க வைத்துச் சுழலவிட்டார். குழாய்க்குள் நோயாளியின் ரத்தம் ஓடும், வெளியே உப்புத் தண்ணி. மெல்லிய சவ்வு வழியா யூரியா தண்ணிக்குப் போயிடும், ரத்த அணு போகாது. இன்னைக்கு லட்சக்கணக்கில் விலை போகும் மெஷினுக்கும் அடிப்படை இதேதான். சுழலும் இடத்துல ரத்தம் ஒழுகாம இருக்க, ஃபோர்டு காரோட வாட்டர் பம்பில் இருந்த அமைப்பைப் பார்த்துச் செய்துகொண்டார். (பட்டறை அண்ணன்கிட்ட பின்னாடி இதைச் சொன்னப்போ அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "அப்போ இது நம்ம தொழில்தான் சார்"னு சொன்னார்.)

1943-ல் ஆரம்பித்தார். முதல் 16 பேரில் மெஷினால்தான் பிழைத்தார் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. போர் முடிந்து, 1945 செப்டம்பரில் 17-வது ஆளாக வந்தார் சோஃபியா ஷாஃப்ஸ்டாட், 67 வயது. நாஜிகளுக்கு உடந்தையாக இருந்ததற்காகச் சிறையில் இருந்தவர். ஊர்ல பல பேர் "இவளையா காப்பாத்தணும்"னு நினைச்ச ஆள். கோல்ஃப் அதைப் பார்க்கலை. மணிக்கணக்கா மெஷின் ஓடியது. ஆழ்ந்த மயக்கத்திலிருந்த அந்த அம்மா கண் விழித்தார். கண் விழித்ததும் புருஷனை விவாகரத்து பண்ணப் போறேன்னு சொன்னதா கோல்ஃப் பின்னாளில் சொல்லிச் சிரிப்பாராம். அதுக்கப்புறம் சில வருஷம் உயிரோடு இருந்தார்.

கிட்னி நோயின் தூக்கத்தை மெஷின் கலைக்கும்னு நிரூபணம் ஆயிடுச்சு. ஆனா அந்த அம்மாவுக்கு வந்தது தற்காலிகச் செயலிழப்பு. கிட்னி தானே மீண்டுவிட்டது. நிரந்தரமாகக் கெட்டுப்போனவருக்கு? ஒவ்வொரு தடவையும் ஒரு தமனி, ஒரு சிரையை வெட்டித் திறக்கணும். பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல் வெட்ட உடம்புல இடம் இருக்காது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து பெல்டிங் ஸ்கிரிப்னர். தற்காலிகச் செயலிழப்புன்னு நம்பி ஒருத்தருக்கு டயாலிசிஸ் செய்தார், அவரும் நல்லா எழுந்து உக்காந்தார். அப்புறம்தான் தெரிந்தது அவர் கிட்னி மீளவே மீளாதுன்னு. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இறந்துபோனார். அது ஸ்கிரிப்னரை உறுத்திக்கிட்டே இருந்தது. ஒருநாள் நடு ராத்திரியில் தூக்கத்துல இருந்து திடுக்குன்னு எழுந்தார், யோசனை கையில இருந்தது: குழாயைக் கையிலேயே விட்டுவிட்டால் என்ன? தமனியில் ஒன்று, சிரையில் ஒன்று, மெஷின் இல்லாத நேரத்தில் இரண்டையும் வளைவாக இணைத்துவிடுவது. டெஃப்லான் என்ற வழுக்கும் பொருளில் செய்தால் ரத்தம் உறையாது. ஆமாம், உங்க தோசைக்கல்லில் பூசியிருக்கிற அதே டெஃப்லான்.

1960 மார்ச்சில் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற மெஷின் தொழிலாளிக்கு அதைப் பொருத்தினார்கள். அவர் அதற்குப் பிறகு 11 வருஷம் வாழ்ந்தார். உலகத்தில் முதல் முறையாக, கிட்னி இல்லாமல் ஒரு மனுஷன் வருஷக்கணக்கில் வாழலாம் என்று ஆனது.

எங்க காலேஜில் பாடம் இந்த இடத்தோட முடிஞ்சிடும். நோபல் பரிசு மாதிரி கைத்தட்டி அடுத்த அத்தியாயம் போயிடுவோம். ஆனா நமக்கு வேண்டிய கதை இங்கதான் ஆரம்பிக்குது.

அப்போ இருந்த டயாலிசர், நார்வேக்காரர் ஃபிரெட்ரிக் கீல் வடிவமைத்த தட்டையான பலகை மாதிரி ஒன்று. மெதுவாகத்தான் சுத்தம் செய்யும். ஒரு தடவைக்குப் பத்து மணி நேரம்கூட ஆகும். பகலில் பத்து மணி நேரம் படுத்தே கிடந்தால் வேலைக்கு எப்போ போறது? அதனால ராத்திரியில் வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் இணைப்பு, தூக்கம், விடிந்ததும் அவிழ்ப்பு, வேலைக்குப் போவது.

1964-ல் சியாட்டிலில் ஒரு 16 வயது பள்ளி மாணவி. அங்கே அப்போ மெஷின் குறைவு, நோயாளிகள் அதிகம். யாருக்கு மெஷின் என்று முடிவு செய்ய ஊர்க்காரர்கள் கொண்ட ஒரு குழு இருந்தது. வக்கீல், பாதிரியார், வங்கிக்காரர், இல்லத்தரசி என்று ஏழு பேர். 1962 நவம்பரில் லைஃப் பத்திரிகை இந்தக் குழுவைப் பற்றி எழுதி நாடே கொந்தளித்தது. அந்தக் குழு இந்தப் பெண்ணுக்கு இடம் தரவில்லை.

பெண்ணின் அப்பா, ஆல்பர்ட் பாப் என்ற பேராசிரியரின் நண்பர். பாப் மருத்துவர் இல்லை, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அணுசக்திப் பொறியியல் வாத்தியார். அவரும் அவர் குழுவும் சில மாதங்களில் வீட்டுக்குள் வைக்கிற அளவில் ஒரு மெஷினைச் செய்து முடித்தார்கள். அலாரம் எல்லாம் பொருத்தியது. ஏதாவது தப்பாச்சுன்னா கத்தும், இல்லைன்னா தூங்க விடும். அந்தப் பெண் வீட்டில், தன் படுக்கையில், அம்மா பக்கத்து அறையில் இருக்க, ராத்திரி டயாலிசிஸ் செய்துகொண்டு பகலில் ஸ்கூலுக்குப் போனாள். இதே காலத்தில் லண்டனில் ஸ்டான்லி ஷால்டன் என்பவரும் நோயாளிகளைத் தாங்களே மெஷினை ஓட்டப் பழக்கி, இரவு டயாலிசிஸ் செய்ய வைத்தார்.

யோசிச்சுப் பாருங்க. 60 வருஷத்துக்கு முன்னாடி, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், டயாலிசிஸ் என்பது தூங்கும்போது நடக்கிற விஷயமாக இருந்தது. 1973-ல் அமெரிக்காவில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வீட்டிலேயே செய்துகொண்டார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு?

ஒரே வில்லன்னு யாரையும் காட்ட முடியாது. 1972-ல் அமெரிக்க அரசு டயாலிசிஸ் செலவை ஏற்பதாகச் சட்டம் போட்டது. 1973 ஜூலையிலிருந்து நடைமுறை. உயிர் காத்த சட்டம், சந்தேகமே இல்லை. குழு போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் கொடுமை அதோட ஒழிஞ்சது. ஆனா காசு நிச்சயம்னு ஆனதும் டயாலிசிஸ் சென்டர்கள் நிறைய வந்தன. வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், வீட்டில் துணைக்கு ஆள் இல்லாதவர்கள் எல்லாம் சிகிச்சைக்கு வந்தார்கள். அவர்களால் வீட்டில் செய்ய முடியாது. அதே சமயத்தில் தலைமுடி போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்களைக் கட்டாகக் கட்டிய புது டயாலிசர் வந்தது. இன்னைக்கு நீங்க பார்க்கிற அந்த நீள உருளை. வேகமாகச் சுத்தம் செய்யும். பத்து மணி நேரம் நாலு மணி நேரம் ஆனது.

நாலு மணி நேரம்னா ஒரு மெஷினில் ஒரு நாளைக்கு மூணு பேர். கணக்கு நல்லா இருக்கு இல்லையா? நோயாளிக்கும் முதல்ல சந்தோஷம்தான், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

நாலு மணி நேரம் போதுமான்னு எப்படித் தெரியும்? யூரியாவை அளந்து. 1981-ல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, ரத்த யூரியாவைக் கட்டுக்குள் வைத்தால் நோயாளி ஆஸ்பத்திரியில் சேர்வது குறைகிறது என்று காட்டியது. 1985-ல் அதிலிருந்து கேடி/வி என்ற ஒரு எண் பிறந்தது. உங்க வீட்டு ரிப்போர்ட்லயும் இருக்கும், பாருங்க. 1.2-க்கு மேல் இருந்தால் டாக்டர் தலையாட்டுவார்.

அந்த எண் தேவைதான், நான் தினமும் பார்க்கிறேன். ஆனா அதுக்குள்ள தூக்கம் கிடையாது. 1.4 வந்த மனுஷன் ராத்திரி பூரா வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துக்கிட்டு இருந்தாலும் அந்த எண் மாறாது. நாங்க எதை அளந்தோமோ அதைக் கவனிச்சோம். அளக்காததுக்கு "சகஜம்"னு பேர் வச்சோம்.

இப்போ அந்த அண்ணனோட காலுக்கு வரேன்.

"படுத்தால் காலுக்குள் ஏதோ ஓடுது, அசைத்தால்தான் நிம்மதி" என்பதை முதலில் எழுதி வைத்தவர் தாமஸ் வில்லிஸ், இங்கிலாந்து, 1672. படுக்கப் போனதும் கை காலில் துள்ளலும் தவிப்பும் வந்து, சித்திரவதைக்கூடத்தில் இருப்பவர்போல் தூங்க முடியாமல் போகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 270 வருஷம் இதை யாரும் பெரிசா எடுத்துக்கல. மனசுப் பிரச்சனை, நரம்புத் தளர்ச்சின்னு தள்ளிவிட்டாங்க. 1945-ல் ஸ்வீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம்தான் பல நோயாளிகளை வரிசையாகப் பரிசோதித்து, இது ஒரு தனி நோய் என்று பெயர் வைத்தார். அமைதியிழந்த கால்கள். இரும்புச்சத்துக் குறைவோடு இதுக்குத் தொடர்பு இருக்குன்னு பார்த்தவரும் அவர்தான்.

1960-களில் டயாலிசிஸ் பரவினதும், கிட்னி நோயாளிகளிடம் இது கொட்டிக் கிடப்பது தெரிந்தது. இன்றைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் டயாலிசிஸ் செய்பவர்களில் ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு இது இருக்கு. அசையாமல் உட்கார்ந்தால் கூடும், சாயங்காலம் கூடும், எழுந்து நடந்தால் குறையும்.

அசையாமல் உட்கார்ந்தால் கூடும். இதை மறுபடி படிங்க. டயாலிசிஸ் நாற்காலி என்பது என்ன? கையில ரெண்டு ஊசியோட நாலு மணி நேரம் அசையாமல் உட்காரும் இடம்.

அந்த அண்ணன் மூணாவது மணி நேரத்துல "அவுத்து விடுங்க"ன்னு கெஞ்சினது அடம் இல்லை. ஊசி குத்தின கையை அசைக்காம, கால் உள்ளுக்குள்ள பிராண்டிக்கிட்டு இருக்க, இன்னும் ஒரு மணி நேரம் உக்கார முடியலை, அவ்வளவுதான். நான் அதுக்கு "ஒத்துழைக்கவில்லை"ன்னு பேர் வச்சேன். 1672-ல் ஒருத்தர் சித்திரவதைன்னு எழுதினதை.

கால் மட்டும் இல்லை. குறட்டையும் இருக்கு. டயாலிசிஸ் இல்லாத நாளில் உடம்பில் நீர் சேரும். பகலில் அது காலில் நிற்கும். ராத்திரி மல்லாந்து படுத்ததும் அந்த நீர் மேலே நகர்ந்து கழுத்துப் பகுதியில் தேங்கி மூச்சுக்குழலைச் சுற்றி இறுக்கும். மூச்சு நிற்கும், திணறி விழிப்பார், மறுபடி தூங்குவார், மறுபடி நிற்கும். வீட்டுக்காரங்க "நல்லாத்தான் குறட்டை விட்டுத் தூங்குறாரு"ன்னு சொல்வாங்க. அவர் ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடிக்கிட்டு இருப்பார். பத்தாததுக்கு அரிப்பு. மெஷினில் பகலெல்லாம் கண்ணயர்ந்து ராத்திரித் தூக்கம் கெடுவது. இருட்டினதும் ரத்தத்தில் ஏற வேண்டிய மெலடோனின் சரியாக ஏறாதது. எல்லாம் சேர்த்து, எந்த ஆய்வை எடுத்தாலும் டயாலிசிஸ் நோயாளிகளில் பாதிப் பேராவது தூக்கம் சரியில்லைன்னுதான் சொல்றாங்க.

இதெல்லாம் நோயோட வருவது, மாத்தவே முடியாதுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சோம். அதை உடைச்சது கனடாவில் டொரண்டோ நகரம்.

1994-ல் அங்கே ராபர்ட் உல்டாலும் ஆண்ட்ரியாஸ் பியராட்டோஸும் பழைய இரவு டயாலிசிஸைத் திரும்பக் கொண்டு வந்தார்கள், இன்னும் தாராளமாக. வாரம் 6, 7 இரவு. ஒவ்வொரு இரவும் 8 முதல் 10 மணி நேரம், வீட்டில், தூங்கும்போது. மெதுவாக, ஆரோக்கியமான கிட்னி வேலை செய்வதுக்குக் கொஞ்சம் பக்கத்துல.

பியராட்டோஸோடு சேர்ந்து பாட்ரிக் ஹான்லி என்ற தூக்க மருத்துவர் 14 நோயாளிகளைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்துப் பார்த்தார். வழக்கமான வாரம் மூணு நாள் டயாலிசிஸ் காலத்தில் ஒரு தடவை, இரவு டயாலிசிஸுக்கு மாறிய பிறகு ஒரு தடவை. அதே ஆட்கள். மூச்சு நிற்பதும் குறைவதும் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 25 தடவை இருந்தது 8 ஆகக் குறைந்தது. 2001 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது.

14 பேர்தான். சின்ன ஆய்வு. ஆனா அது சொன்ன சேதி பெரிசு. மூச்சுத்திணறல் அந்த நோயாளிகளோட தலையெழுத்து இல்லை. டயாலிசிஸை நாம எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தும் அது மாறுது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களில் பலருக்குக் கால் குடைச்சல் சில நாட்களிலேயே மறைந்துபோவதையும் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். இதுவும் அதே சேதிதான்.

"அப்போ எல்லாருக்கும் ராத்திரி டயாலிசிஸ் கொடுக்கலாமே டாக்டர்?" கேப்பீங்கன்னு தெரியும். நம்ம ஊர் நிலைமையைச் சொல்றேன். இந்தியாவில் டயாலிசிஸ் ஆரம்பித்தது 1960-களின் தொடக்கத்தில், நம்ம வேலூர் சி.எம்.சி.யில். நாட்டின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று அறுவை சிகிச்சையும் அங்கேதான், 1971-ல். அப்புறம் அரசு ஆஸ்பத்திரி, காப்பீட்டுத் திட்டம்னு இன்னைக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் மெஷின் இருக்கு. ஆனா ஒரு நாலு மணி நேர டயாலிசிஸுக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேணும். குடிதண்ணிக்கே லாரியை எதிர்பார்க்கிற தெருவில் வீட்டு டயாலிசிஸ் என்பது லேசான பேச்சு இல்லை. கரண்ட் போனால்? ஊசி நழுவினால்? ஒருத்தர் விழித்திருக்கணும். வசதி உள்ள கொஞ்சப் பேர் வீட்டில் செய்றாங்க. நம்ம மக்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது எட்டாது.

வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் டயாலிசிஸ் ஒரு வழி. அதற்கு மெஷினும் வேண்டாம், அவ்வளவு தண்ணீரும் வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். எல்லாருக்கும் ஒத்துவராது, ஆனா உங்களுக்கு ஒத்துவருமான்னு ஒரு வார்த்தை டாக்டரிடம் கேட்டுப் பாருங்க.

இன்னொரு கேள்வியும் வரும்: "தூக்க மாத்திரை?" இதற்கும் ஸ்கிரிப்னரோட ஊரில் இருந்தே பதில் வந்திருக்கு. சியாட்டிலிலும் ஆல்புகெர்க்கியிலும் 26 டயாலிசிஸ் மையங்களில், தூக்கமின்மை உள்ள 126 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2024-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்குத் தொலைபேசி, வீடியோ வழியாகத் தூக்கப் பழக்கத்தைச் சீராக்கும் பயிற்சி. ஒரு பிரிவுக்கு டிரசோடோன் என்ற மாத்திரை. ஒரு பிரிவுக்குச் சும்மா மாத்திரை. முடிவு? மூணும் ஒண்ணுதான். டிரசோடோன் பிரிவில் இதயம் சம்பந்தமான பெரிய பிரச்சனைகள் கூடுதலாக வேறு இருந்தன.

எனக்கு இது ஆச்சரியமா இல்லை. கால் குடையுறவருக்கும், மூச்சு நிக்கிறவருக்கும், அரிக்கிறவருக்கும் ஒரே மாத்திரை எப்படி வேலை செய்யும்? மூச்சு நிக்கிறவருக்குச் சில தூக்க மாத்திரை ஆபத்தும்கூட. தயவுசெய்து மெடிக்கல்ல நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க.

வீட்ல டயாலிசிஸ் நோயாளி இருந்தா அடுத்த தடவை போறப்போ இதைக் கேளுங்க, கேட்காம விடாதீங்க. காலில் குடைச்சல் இருந்தால் அந்த வார்த்தையையே சொல்லுங்க, "தூக்கம் வரலை"ன்னு மட்டும் சொல்லாதீங்க. இரும்புச்சத்து, ஃபெரிட்டின் எவ்வளவு இருக்குன்னு கேளுங்க. வாந்திக்கோ அரிப்புக்கோ எழுதின மாத்திரைகளைக் காட்டுங்க. வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோபிரமைடும், அரிப்புக்குக் கொடுக்கிற மயக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரையும் கால் குடைச்சலைக் கூட்டிவிடும். நல்லது செய்யறோம்னு நாங்களே எழுதியிருப்போம். குறட்டையும் நடுவுல மூச்சு நிக்கிறதும் இருந்தா போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக் கொண்டு வாங்க. ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறுற எடையைக் குறைங்க. அதுக்கு உப்பைக் குறைக்கணும். தண்ணியை மட்டும் குறைச்சு ஊறுகாயை விடாம இருந்தா தாகம்தான் ஜெயிக்கும்.

அந்த அண்ணன் விஷயம் சொல்லி முடிச்சுடறேன். அவருக்கு இரும்புச்சத்து ரொம்பக் குறைவா இருந்தது, ஊசி வழியா ஏத்தினோம். அரிப்புக்கு நான் எழுதின மாத்திரையை நானே நிறுத்தினேன். குடைச்சலுக்குக் குறைந்த அளவில் ஒரு மாத்திரை, டயாலிசிஸ் முடிஞ்ச பிறகு மட்டும். (கிட்னி இல்லாதவங்களுக்கு அது உடம்புல தேங்கிடும், அதனால பெயர் சொல்லலை, உங்க டாக்டர்தான் அளவு சொல்லணும்.) நாற்காலிக்குப் பதிலா கட்டில், கால் பக்கம் மிதிக்கிற மாதிரி ஒரு சின்ன பெடல். மெஷின் ஓடும்போதே மிதிப்பார். நாலு மணி நேரமும் உக்காந்தார்.

எல்லாம் சரியாயிடலை. ராத்திரி நாலு, நாலரை மணி நேரம் தூங்குவார். ஒரு மாசம் கழிச்சு அவரோட மனைவி வந்தாங்க. "இப்போ எப்படிம்மா இருக்காரு?"ன்னு கேட்டேன்.

"அவரை விடுங்க சார். நான் தூங்குறேன்"னாங்க.

ஃபைல்ல அந்தப் பழைய வரியை அடிச்சுட்டு, பக்கத்துல "கால் குடைச்சல்"னு எழுதினேன்.